பேனையில் தங்கிய கை

(கனடாவில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தச் சங்கத்தில் பழைய மைப்பேனை திருத்துகிற மூன்று பேர் இருக்கிறோம் என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். ஒன்றுகூடலுக்கு வரும்போது கைப்பைக்குள்ளிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு பேனையை எடுத்து, "பிள்ளையள், இது இனி எழுதுமோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று தருகிற அக்காமாரின் தொகை வருடா வருடம் கூடுகிறது. அதனால்தான் இந்த நூற்றாண்டு ஆண்டில் இதைப் பற்றியே பேசும்படி செயலாளர் கேட்டார். பதினைந்து நிமிடம் என்றும் சொல்லியிருக்கிறார். பேனை பிடித்தவர்களிடம் நேரம் சொல்வது வீண் வேலை. இருந்தாலும் முயல்கிறோம்.

நாங்கள் சேர்ப்பதும் திருத்துவதும் பெரும்பாலும் அமெரிக்கப் பேனைகள். 1900 தொடக்கம் 1950 களின் நடுப்பகுதி வரையான காலத்தில் செய்யப்பட்டவை. ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு இவை அகப்படுவது கடினமில்லை. பார்க்கர் கம்பனி இந்த நகரத்திலேயே தொழிற்சாலை வைத்திருந்தது. ஷேஃபர் ஒன்ராறியோவின் கொடறிச்சில் வைத்திருந்தது. இங்குள்ள பழம்பொருட் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் பிஸ்கற் ரின்களுக்குள் உடைந்த மணிக்கூடு, பொத்தான், சாவி என்பவற்றோடு அவையும் கிடக்கும்.

எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த வோட்டர்மன் கதையைத்தான். நியூயோர்க்கில் ஒரு காப்புறுதி முகவர், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் நேரத்தில் பேனை மையைக் கக்கிவிட்டது, வேறு தாள் எடுத்து வருவதற்குள் வாடிக்கையாளரைப் போட்டியாளர் கொண்டுபோய்விட்டார், அந்தக் கோபத்தில் பேனையைக் கண்டுபிடித்தார் என்று. லூயிஸ் எட்சன் வோட்டர்மன் காப்புறுதி முகவராக இருந்தது உண்மை. 1884 இல் அவர் உரிமம் பெற்றதும் உண்மை. மற்றதெல்லாம் பின்னர் விளம்பரத்துக்காக வளர்ந்த கதை என்பதே ஆராய்ந்தவர்களின் முடிவு. உண்மையில் அவர் செய்த காரியம் அந்தக் கதையை விட அழகானது. மை ஓடும் நாக்கில் மெல்லிய பிளவுகள் வெட்டினார். மை இறங்கும்போது அதன் இடத்துக்குக் காற்று மேலே போக வேண்டும். காற்றும் மையும் ஒன்றையொன்று தடுக்காமல் அந்தப் பிளவுகள் இரண்டுக்கும் வழிவிட்டன. இன்றைக்கும் மைப்பேனை எழுதுவது அந்த ஒழுங்கில்தான்.

எங்களுக்குப் பிடித்தது பார்க்கரின் கதை. ஜோர்ஜ் பார்க்கர் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில்லில் தந்தி அனுப்பப் பழக்கும் வாத்தியார். வருமானம் போதாமல் தன் மாணவர்களுக்கு வேறொரு கம்பனியின் பேனைகளை விற்றார். அவை ஒழுகின. விற்றவர் வாத்தியாராயிற்றே, மாணவர்கள் திரும்பக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்தார்கள். அவரும் ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்து, திருத்தித் திருத்தி, இதைவிட நல்லதாக நானே ஒன்று செய்யலாம் என்ற முடிவுக்கு வந்தார். 1888 இல் கம்பனி, 1889 இல் முதல் உரிமம். அந்தப் பெரிய பெயருக்குப் பின்னால் ஒரு வாத்தியாரின் மேசையும் பிள்ளைகளின் முறைப்பாடும் இருக்கின்றன. இந்த மண்டபத்தில் இருக்கிற ஆசிரியைமார் அதைக் கேட்டு மகிழ்வார்கள் என்று நம்புகிறோம்.

அயோவாவின் போர்ட் மடிசனில் நகைக்கடை வைத்திருந்த வோல்ற்றர் ஷேஃபர் 1908 இல் நெம்புகோலுக்கு உரிமம் பெற்றார். பேனையின் பக்கத்தில் சிறு கம்பி ஒன்று இருக்கும். அதை நிமிர்த்தினால் உள்ளே ஒரு தகடு மைப்பையை அமுக்கும், விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். எங்கள் அம்மம்மாமாரின் காலத்துப் பேனைகளிற் பெரும்பாலானவை இந்த வகைதான். அதற்கு முன் கண்மருந்து விடுவது போல ஒரு குழாயால் துளித்துளியாக மை விட வேண்டும். பள்ளிச் சட்டைகள் அதனால் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மற்றக் கம்பனிகளையெல்லாம் சொல்லப்போனால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஆனால் பெண்களின் பேனைகளைச் சொல்லாமல் விட முடியாது. 1910 கள், 20 களில் அமெரிக்கக் கம்பனிகள் எல்லாம் மூடியின் உச்சியில் ஒரு சிறு வளையம் வைத்த கட்டைப் பேனைகளைச் செய்தன. பெண்களின் உடுப்பில் பொக்கற் இல்லை. ஆகவே பேனையை நாடாவிலோ சங்கிலியிலோ கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். பேனை குட்டையானபடியால் மைப்பையும் குட்டை, மையும் கொஞ்சந்தான் பிடிக்கும். சேகரிப்பாளர்கள் பெரிய ஆண்பேனைகளுக்குத் தரும் விலையை இவற்றுக்குத் தருவதில்லை. அது எங்களுக்கு வசதி. குறைந்த விலையில் நல்ல நிப்பு வாங்க வேண்டுமானால் வளையப் பேனை வாங்குங்கள். அதன் நிப்பும் 14 கரட் தங்கந்தான், பெரும்பாலும் மென்மையாக வளைந்தும் கொடுக்கும்.

இன்னொரு பெண்ணின் பேனையும் உண்டு. 1945 செப்ரெம்பர் 2 ஆம் திகதி, தோக்கியோ விரிகுடாவில் மிசூரி என்ற போர்க்கப்பலில் யப்பான் சரணடைந்த ஆவணத்தில் ஜெனரல் மக்ஆர்தர் கையெழுத்து வைத்தார். ஒரு கையெழுத்துக்குப் பல பேனைகளைப் பாவித்தார். முதலிரண்டையும் பின்னால் நின்ற ஜெனரல் வெயின்றைற்றுக்கும், சிங்கப்பூரில் சரணடைந்திருந்த ஜெனரல் பேர்சிவலுக்கும் கொடுத்தார். அவர் பாவித்தவற்றில் ஒன்று மனைவி ஜீனின் சிறிய செந்நிறப் பார்க்கர். உலகப் போரை முடித்த எழுத்தில் ஒரு பகுதி வீட்டுக்காரியின் பேனையால் எழுதப்பட்டது. வரலாற்றுப் பாடத்தில் எங்களுக்கு இது ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இனித் திருத்தும் வேலைக்கு வருவோம். எங்களிடம் வரும் நெம்புகோல் பேனைகள் அநேகமாக ஒரே நோயோடு வரும். உள்ளே இருக்கும் இறப்பர் பை கருவாடு போல இறுகியிருக்கும், அல்லது கரைந்து தார் போல ஒட்டியிருக்கும். வெளியே பேனை புத்தம் புதிதாக மினுங்கும். நெம்புகோலை நிமிர்த்தப் பார்ப்பவர்கள் அது அசையாதபோது பலமாக இழுப்பார்கள். அதோடு கம்பி முறிந்துவிடும். தயவுசெய்து இழுக்காதீர்கள். இன்றைய உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதானால் இதை வைத்திருங்கள்.

பையை மாற்ற நிப்பு இருக்கும் முன்பகுதியை உடலிலிருந்து கழற்ற வேண்டும். அதற்கு மெதுவான சூடு வேண்டும். நாங்கள் ஹெயார் ட்ரையர் பாவிக்கிறோம், பேனையைப் பிடித்திருக்கும் விரல் பொறுக்கிற அளவுக்கு மட்டும். 1924 இல் ஷேஃபர் தொடங்கிவைத்த பிறகு பெரிய கம்பனிகள் எல்லாம் செலுலோயிட்டுக்கு மாறின. பச்சை, நீலம், முத்துப்போல் மின்னுவது எல்லாம் அதுதான். பழைய சினிமாப் படச்சுருளுக்குப் பாவித்ததும் அதே வகைப் பொருள், கெதியாகத் தீப்பற்றும். அடுப்புக்குக் கிட்டவோ மெழுகுதிரிக்குக் கிட்டவோ கொண்டுபோகக் கூடாது. அதற்கு முந்திய கறுப்புப் பேனைகள் எபனைற். இறப்பர்ப் பாலைக் கந்தகத்தோடு சேர்த்து அவித்து இறுக்கியது. அதற்கு வேறு எதிரிகள் இருக்கின்றன, வெயிலும் தண்ணீரும். ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் கறுப்புப் பேனை மண்ணிறமாக இருக்கும். ஆக, ஒன்றுக்கு நெருப்பு ஆகாது, மற்றதற்குத் தண்ணீர் ஆகாது. கையில் எடுத்ததும் எது என்று அறிவதுதான் முதற் படிப்பு. விரலால் தேய்த்துச் சூடாக்கி மணந்து பாருங்கள். செலுலோயிட்டில் கர்ப்பூர வாசம் வரும், அதைச் செய்யும்போது சேர்ப்பது கர்ப்பூரந்தான். எபனைற்றில் கந்தக நெடி வரும்.

புதிய பையை ஒட்டுவதற்குப் பாவிப்பது அரக்கு. ஆம், எங்கள் அதே அரக்கு. மரக்கொப்புகளில் பூச்சி கட்டுகிற பிசின். இந்தியாவில் எடுத்து உலகமெங்கும் அனுப்பியது. அதைச் சாராயவகைத் திரவத்தில் கரைத்தால் செம்மஞ்சட் பசை வரும். அமெரிக்கத் தொழிற்சாலைகள் நூறு வருடத்துக்கு முன் பாவித்ததும் அதுதான், நாங்கள் இன்று பாவிப்பதும் அதுதான். காரணம், அரக்கு பிடிக்கும், ஆனால் சூடு காட்டினால் விடும். நாற்பது வருடத்தின் பின் இந்தப் பையும் இறுகும். அப்போது யாரோ ஒருத்தி இதைக் கழற்ற வேண்டியிருக்கும். அவளுக்கு வழி விட வேண்டும். நவீன உடனடிப் பசை போட்டு ஒட்டிய பேனைகளும் எங்களிடம் வருகின்றன. யாரோ நல்லெண்ணத்தோடு செய்தது. அவற்றில் பாதிக்கு மேல் கழற்றவே முடியாது, கழற்றினால் உடையும். உடையாமல் ஒட்டியவர் அந்தப் பேனையின் கடைசித் திருத்துநராகிவிடுகிறார்.

இதில் நிறையப் பொறுமை வேண்டும், ஆனால் பெரிய வித்தை இல்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, இறப்பர் சுற்றிய குறடு, பித்தளைத் தகட்டுத் துண்டு, பவுடர், பையில் ஒரு பழைய பருத்திச் சேலைக் கிழிசல். தொடங்க விரும்புகிற தங்கைமாருக்கு நாங்கள் சொல்வது எஸ்ரர்புறூக். நியூஜேர்சியின் கம்டன் நகரத்தில் 1858 இல் தொடங்கிய கம்பனி. ஏழைகளின் பேனை, நிப்பும் தங்கமில்லை, உருக்கு. ஆனால் நிப்பைத் திருகிக் கழற்றி வேறொன்று போடலாம். ஒவ்வொரு நிப்பிலும் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். 1555 என்றால் கிறெக் சுருக்கெழுத்துக்கானது. இங்கே சுருக்கெழுத்துப் படித்து வேலைக்குப் போன அக்காமார் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? அந்த நிப்பு உங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்டது.

இதுவரை சொன்னது கைவேலை. எங்களுக்குள் வாக்குவாதம் வருவது வேறு இடத்தில்.

பழைய பேனைகளில் பெயர் பொறித்திருக்கும். பிறந்தநாளுக்கு, பட்டம் பெற்றதற்கு, உத்தியோகம் கிடைத்ததற்குக் கொடுத்தவர்கள் கடையிலேயே பெயர் வெட்டுவித்துக் கொடுப்பார்கள். சந்தையில் பெயருள்ள பேனைக்கு விலை குறையும். ஆகவே சிலர் அரைத்து, தேய்த்து, மினுக்கிப் பெயரை அழித்துவிடுகிறார்கள். அதோடு கம்பனி பொறித்த எழுத்தும் மெலிந்துபோகும். நாங்கள் பெயரை அழிப்பதில்லை. இதில் மூவருக்கும் ஒரே கருத்து. அந்நியர் ஒருவரின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிவதா என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். திரியலாம். பேனை எங்களுக்கு வந்தது, எங்களில் தொடங்கவில்லை.

நிப்பைப் பற்றித்தான் கருத்து ஒன்றாவதில்லை. தங்க நிப்பின் நுனியில் ஒரு கடின உலோகத் துளி இருக்கும், இரிடியம், ஒஸ்மியம் வகை. அது தேய்வது மிக மெதுவாக. இருபது, முப்பது வருடம் ஒரே கை எழுதினால் அந்தக் கை பிடித்த சரிவில் ஒரு சிறு தட்டை உண்டாகும். கண்ணாடியில் பார்த்தால் தெரியும், எழுதியவர் பேனையை இடப்பக்கம் திருப்பிப் பிடித்தாரா, அமர்த்தி எழுதினாரா, இலேசாக எழுதினாரா என்பது. வேறு ஒருவர் எழுதினால் அந்த நிப்பு கீறும். மெல்லிய அரத்தாளில் சில சுற்று எழுதினால் யாருக்கும் வழுவழுப்பாக ஓடும். ஆனால் முந்தியவரின் சரிவு போய்விடும், திரும்ப வராது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் தன் தாயாரின் பார்க்கர் 51 ஐக் கொண்டுவந்தார். தாயார் நாற்பது வருடம் படிப்பித்தவர். பேனையை மலாயாவிலிருந்து வந்த மாமா ஒருவர் கொடுத்தாராம். உடலில் 6 என்ற இலக்கமும் பக்கத்தில் இரண்டு புள்ளிகளும் இருந்தன. 1940 களில் பார்க்கர் வைத்த குறி அது. இலக்கம் வருடத்தின் கடைசி எண், புள்ளிகள் காலாண்டு. வருடத் தொடக்கத்தில் மூன்று புள்ளிகள், காலாண்டுக்கு ஒன்றாக அழித்துக்கொண்டு போவார்கள். ஆக 1946 இன் இரண்டாம் காலாண்டு. இந்த 51 ஒரு விசேடமான பேனை. நிப்பு முழுவதும் ஒரு கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் தெரியும். கம்பனிக்கு 51 வயதான 1939 இல் உருவானதால் அந்தப் பெயர். ஐரோப்பாவில் ஜேர்மனி சரணடைந்தபோது கையெழுத்துக்குப் பாவித்தவையும் ஐசனோவரின் 51 கள்தான்.

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவில், தாயார் எடுத்துக்கொண்ட பையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, இந்தப் பேனை. வீட்டில் இருந்த புத்தகங்களோ படங்களோ பிறகு கிடைக்கவில்லை. தாயாரின் கையெழுத்தில் அக்காவிடம் மிஞ்சியது இரண்டு கடிதங்கள் மட்டுந்தான்.

பேனையின் பின்புறத்தில் இருக்கும் இறப்பர்ச் சவ்வு செத்துப்போயிருந்தது. அது எதிர்பார்த்தது. அந்தப் பூட்டைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், எங்களிடம் இருக்கிறது. புதுச் சவ்வு போட்டோம், மூன்று நாள் கழுவினோம். கழுவக் கழுவ நீல மை வந்துகொண்டே இருந்தது. பிறகு எழுதிப் பார்த்தால் கீறியது. அக்கா சொன்னார், "எனக்கு எழுதக்கூடிய மாதிரிச் செய்து தாங்கோ. கண்ணாடிப் பெட்டியிலை வைக்கிறதுக்கு எனக்குப் பேனை வேண்டாம்."

எங்களில் ஒருத்தி சொன்னாள், பேனை அக்காவினுடையது, அவ கேட்டபடி செய்வதுதான் முறை, எழுதாத பேனை பேனையில்லை என்று. மற்ற இருவரும் அரத்தாளைத் தொட விடவில்லை. அந்தத் தட்டை ஒரு மனுஷியின் நாற்பது வருடக் கொப்பித் திருத்தம், அதை அரை நிமிடத்தில் எடுப்பதா என்று. முடிவில், நிப்பைத் தொடாமல் கொடுக்கிறோம், இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள், பிறகும் வேண்டுமென்றால் 51 க்கு வேறு நிப்பு ஒன்று தேடிப் போட்டுத் தருகிறோம், தாயாரின் நிப்பை ஒரு டப்பியில் தனியே தருகிறோம் என்று சொன்னோம். கண்ணாடியில் அந்தச் சரிவையும் அவருக்குக் காட்டினோம்.

பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. பேனையை விரலுக்குள் மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஓரிடத்தில் கீறல் நின்றுவிட்டதாம். "அம்மா கொப்பி திருத்தேக்கை கையை இப்பிடிச் சரிச்சு வைக்கிறவ. எனக்கு அது மறந்தே போச்சு," என்றார். வேறு நிப்பு வேண்டாமாம். ஆனால் நீளக் கடிதம் எழுதினால் கை நோகிறதாம், அதற்கு ஏதும் வழி உண்டோ என்றும் கேட்டார். இல்லை என்றோம்.

எல்லாப் பேனைக்கும் இந்தத் தீர்ப்புப் பொருந்தாது. ஏலத்தில் வாங்கிய, எவரென்று தெரியாதவரின் பேனை பாவிக்க முடியாதபடி கீறினால் நாங்களே மெருகிடுகிறோம். வளைந்த நிப்பை நிமிர்த்துகிறோம். ஒருபோதும் மை தொடாத, விலைச்சீட்டோடு கிடைக்கிற பேனைகளும் உண்டு. அவற்றைப் பையைக்கூட மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் சேகரிப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டோம். எங்களுக்கு அதில் ஆசை இல்லை, அவ்வளவுதான்.

1945 ஒக்ரோபரில் நியூயோர்க்கின் கிம்பெல்ஸ் கடையில் குமிழ்முனைப் பேனை 12 டொலர் 50 சதத்துக்கு விற்பனைக்கு வந்தபோது சனம் முண்டியடித்து வாங்கியது. பிறகு அது சதக்கணக்குக்கு இறங்கியது. மைப்பேனை திருத்தும் மேசைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மைப்பைகளை இன்றும் அமெரிக்காவில் புதிதாகச் செய்கிறார்கள், அதனால் நெம்புகோல் பேனைகளுக்குப் பயமில்லை. மூடி, கிளிப், 51 இன் கூடு போன்றவை புதிதாகக் கிடைப்பது அரிது. உடைந்த ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்குப் போடுகிறோம். ஆகவே உங்கள் வீட்டில் உடைந்த பேனை கிடந்தால் எறியாமல் எங்களுக்குத் தாருங்கள்.

வீட்டில் எழுதுகிற பேனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். மைப்பேனைக்கென்று விற்கும் சாதாரண மை மட்டும் விடுங்கள். படம் கீறும் இந்தியன் மை வேண்டாம். அதிலும் அரக்கு இருக்கிறது, உள்ளே காய்ந்தால் பேனை அடைத்துவிடும். செலுலோயிட் பேனையை மூடிய பிளாஸ்ரிக் பைக்குள் வைக்காதீர்கள், அதற்குக் காற்று வேண்டும். மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீரால் உள்ளே கழுவுங்கள், சுடுதண்ணீர் கூடாது.

இன்று பேனை கொண்டுவந்திருக்கிற அக்காமார் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்தின் பின்பக்க மேசைக்கு வாருங்கள். மையும் கடதாசியும் அங்கே இருக்கின்றன. பேனை யாருடையது, எந்தக் கையால் எழுதினவர் என்பது தெரிந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவாருங்கள்.